ரிகர்ஷன் உங்களுக்கு எப்படிப் புரிந்தது?

ரிகர்ஷன் என்றால் ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் புரோகிராம் பகுதி) தன்னையே கூப்பிடுவது. அதில் ஃபேக்டோரியல் (1-லிருந்து ஒரு எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது) வரை புரிகிறது, ஹனோய் கோபுரம் வந்ததும் எல்லாம் கலைந்துபோகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கம்பங்களில், சிறிய வட்டின் மேல் பெரியது வராமல், ஒவ்வொரு வட்டாக நகர்த்தி மொத்த அடுக்கையும் வேறு கம்பத்துக்கு மாற்றும் புதிர்தான் அது. முதலாம் ஆண்டில் நானும் அதே இடத்தில்தான் நின்றேன், ஒரு செமஸ்டர் முழுக்க. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

எனக்கு இடறிய இடம் எதுவென்று இன்றும் நினைவிருக்கிறது. உள்தேர்வில் ஒரு சி புரோகிராம் கொடுத்து, என்ன அச்சாகும் என்று கேட்டிருந்தார்கள். வரிசை என்று ஒரு ஃபங்ஷன். அதற்குக் கொடுக்கும் எண் 0 என்றால் ரிட்டர்ன். இல்லையென்றால் முதலில் வரிசை(எண் - 1) என்று தன்னையே கூப்பிடும், அதற்கு அடுத்த வரியில் எண்ணை அச்சிடும். வரிசை(3) என்று கூப்பிட்டால் என்ன வரும்? 3, 2, 1, 0 என்று இறங்கி வந்தாயிற்று, 0-வில் ரிட்டர்ன் வந்துவிட்டது, அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து "எதுவும் அச்சாகாது" என்று எழுதினேன். சரியான விடை 1 2 3. வகுப்பில் கேட்டபோது "ஸ்டாக்கில் போய்த் திரும்பி வரும்" என்றார்கள். முடியாத அழைப்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிவைக்கும் அந்த ஸ்டாக் பற்றிய பாடமே அடுத்த செமஸ்டரில்தான் இருந்தது.

அன்று இரவு விடுதியில் ஒரு சீனியர் அண்ணன் ரஃப் நோட்டிலிருந்து நாலு துண்டுக் காகிதம் கிழித்தார். முதல் துண்டில் "எண் = 3, கூப்பிட்ட வரியில் காத்திருக்கிறேன்" என்று எழுதி மேஜையில் வைத்தார். அதன் மேல் 2 எழுதிய துண்டு, அதன் மேல் 1, அதன் மேல் 0. "தம்பி, ரிட்டர்ன்னா புரோகிராம் முடியறது இல்ல. உன்னை யார் கூப்பிட்டாங்களோ அவங்ககிட்ட திரும்பிப் போறது, அவ்வளவுதான்" என்று சொல்லி 0 துண்டை எடுத்துக் கசக்கிப் போட்டார். அடியில் 1 எழுதிய துண்டு தெரிந்தது. அதற்கு இன்னும் அச்சிடும் வரி பாக்கி இருந்தது. எனக்கு அந்த நொடியில்தான் புரிந்தது. நான் அதுவரை எண் என்ற மாறி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுதான் குறைந்துகொண்டே போகிறது என்று, ஃபார் லூப்பை (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளையை) நினைப்பது போலவே நினைத்திருக்கிறேன். உண்மையில் ஒவ்வொரு அழைப்புக்கும் தனியாக ஒரு எண் இருக்கிறது.

இப்படி நினைப்பது அசட்டுத்தனம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய ஃபோர்ட்ரான் கணினி மொழியில் ஃபங்ஷனின் மாறிகளுக்குப் பெரும்பாலும் நினைவகத்தில் நிலையான ஒரே இடம்தான் ஒதுக்குவார்கள். ஃபோர்ட்ரான் 77 தரத்தில் ஒரு ஃபங்ஷன் தன்னையே கூப்பிட அனுமதியே கிடையாது, ஃபோர்ட்ரான் 90-ல்தான் அது வந்தது. ஆகவே அழைப்புக்கு ஒரு துண்டுக் காகிதம் என்பது தானாகத் தெரியவேண்டிய விஷயம் அல்ல, யாராவது காட்டித்தரவேண்டியது.

அப்புறம், இதற்கு நேர்எதிரான இன்னொரு பழக்கம் வேண்டும். துண்டுக் காகிதத்தை ஓரிரு தடவை செய்து பாருங்கள், பிறகு நிறுத்திவிடுங்கள். ஹனோயில் நீங்கள் மாட்டுவது ஒவ்வொரு அழைப்பையும் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதால்தான் என்று நினைக்கிறேன். 3 வட்டுக்கு 7 நகர்த்தல், 10 வட்டுக்கு 1023. யாராலும் அதைத் தலையில் வைத்திருக்க முடியாது.

வீட்டிலிருந்தே ஒரு உதாரணம். தாத்தாவுக்கு எண்பது வயது, சதாபிஷேகத்துக்கு வாரிசுகள் எல்லாருக்கும் துணி எடுக்கவேண்டும், மொத்தம் எத்தனை பேர்? தாத்தா கொள்ளுப்பேரன்வரை உட்கார்ந்து எண்ணமாட்டார். ஒவ்வொரு பிள்ளையிடமும் "உன்னையும் சேர்த்து உன் பக்கம் எத்தனை?" என்று கேட்பார். அவர்களும் தங்கள் பிள்ளைகளிடம் அதே கேள்வியைக் கேட்பார்கள். பிள்ளை இல்லாதவர் "நான் ஒருத்தர்தான்" என்பார், அதுதான் பேஸ் கேஸ், மேலும் யாரையும் கேட்காமல் நேராக விடை சொல்லும் இடம். மகள் 6 என்று சொன்னால் தாத்தா அதை நம்பிக் கூட்டிக்கொள்கிறார், அவள் எப்படி எண்ணினாள் என்று துருவுவதில்லை.

ஹனோயிலும் அதே நம்பிக்கைதான். அடியில் இருக்கும் பெரிய வட்டை மட்டும் பாருங்கள். அதை நகர்த்த மேலே இருப்பதெல்லாம் நடுக் கம்பத்துக்குப் போகவேண்டும். ஒரு வட்டு குறைந்த அதே வேலை, அந்த அழைப்பு செய்துவிடும் என்று நம்புங்கள். பெரியதை நகர்த்துங்கள். மறுபடி அழைத்து, நடுவில் இருப்பதை அதன் மேல் கொண்டுவாருங்கள். மூன்றே வரி.

என்னைக் கேட்டால் ஃபேக்டோரியலை முதல் உதாரணமாகக் கொடுப்பதே தப்பு. லூப்பில் சுலபமாக முடிகிற வேலைக்கு எதற்கு இந்தச் சுற்று என்றுதான் மாணவருக்குத் தோன்றும். ஃபிபனாச்சி (முந்தைய இரண்டு எண்களைக் கூட்டி அடுத்ததைப் பெறும் தொடர்) இன்னும் மோசம், புத்தகத்தில் இருக்கும்படியே எழுதினால் 40-ஆவது எண்ணுக்கு 33 கோடி அழைப்புக்கு மேல் போகும். அதற்குப் பதில் உங்கள் கணினியில் ஒரு ஃபோல்டரின் மொத்த அளவைக் கண்டுபிடிக்க எழுதிப் பாருங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று, எத்தனை அடுக்கு என்று முன்கூட்டித் தெரியாது. தாத்தா கணக்கேதான்.

எழுதும்போது இரண்டு தவறு கண்டிப்பாக வரும். பேஸ் கேஸை விட்டால் பைத்தான் வழக்கமாக 1000 ஆழத்தில் நிறுத்தி ரிகர்ஷன் எர்ரர் காட்டும், சி-யில் பெரும்பாலும் புரோகிராமே செத்துவிழும். இன்னொன்று, தன்னையே அழைத்துவிட்டு, வந்த விடையை ரிட்டர்ன் செய்ய மறப்பது. மகள் தாத்தாவிடம் 6 என்று சொல்லாமலேயே போய்விட்ட மாதிரி.

இன்றே ஒன்று செய்யுங்கள். அந்த வரிசை ஃபங்ஷனில் தன்னை அழைக்கும் வரிக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை எண்ணை அச்சிடச் சொல்லி, 3 கொடுத்தால் என்ன வரும் என்று ஓட்டுவதற்கு முன்பே தாளில் எழுதுங்கள். விடையில் ஆறு எண்கள் இருக்கவேண்டும். வேறு ஏதாவது வந்தால் இங்கேயே எழுதுங்கள், எந்தத் துண்டில் தவறியது என்று சேர்ந்து பார்க்கலாம்.