வாரத்துக்கு விட்ட ஆடுகள்

வணக்கம் ஐயா,

நான் பி.காம். மாணவன். ஜப்பானில் பத்தில் மூன்று பேர் 65 வயதைத் தொட்டவர்கள் என்கிறார்கள். வயதானால் சேமிப்பை எடுத்துத்தானே செலவழிக்க வேண்டும்? அவர்கள் ஏன் இன்னும் வெளிநாடுகளில் முதலீடு செய்கிறார்கள், சென்னை மெட்ரோவுக்குக் கடன் தருகிறார்கள்? நம் நாட்டில் இளைஞர்கள் அதிகம். இனி உலகத்துப் பணமெல்லாம் இங்கேதானே வந்தாக வேண்டும்?

எஸ்., அரக்கோணம்

அன்புள்ள தம்பி,

மெட்ரோ கடன் அரசுக்கு அரசு கொடுப்பது, அந்தக் கணக்கு வேறு. அதை விடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் பெரிய அத்தைதான் நினைவுக்கு வந்தார். சில நாட்களாகவே மனதுக்குள் இருக்கிறார்.

முழங்கால் போனபின் அத்தையால் ஆடு மேய்க்க முடியவில்லை. பதினோரு உருப்படி. விற்றுவிடச் சொன்னார்கள். அத்தை விற்கவில்லை, வாரத்துக்கு விட்டார். குட்டிகளில் மேய்ப்பவருக்குப் பாதி, அத்தைக்குப் பாதி. கடைசிவரை குட்டி விற்ற காசில்தான் மாத்திரை வாங்கினார், தாயாட்டில் கை வைக்கவில்லை.

ஜப்பானும் அப்படித்தான். அங்கே 15 முதல் 64 வயதுக்காரர்களின் எண்ணிக்கை 1995இல் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியது. ஆள் குறையும் ஊரில் புதுத் தொழிற்சாலை கட்டி யார் ஓட்டுவது? பணம் வெளியே போனது. 2011 முதல் பல ஆண்டுகள் ஏற்றுமதியை இறக்குமதி மிஞ்சியும் நடப்புக் கணக்கில், அதாவது வணிகமும் வட்டி, லாபமும் சேர்ந்த வெளிநாட்டு வரவு செலவில், உபரிதான். வெளிநாட்டிலிருந்து வட்டியும் லாபப் பங்கும் வருகிறதே, அதுதான் குட்டி. உலகுக்கு அதிகம் கடன் கொடுத்த நாடு என்ற இடத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்து, 2024 முடிவில்தான் ஜெர்மனியிடம் விட்டது. அதுவும் நரைத்த நாடுதான்.

சரி, "வந்தாக வேண்டும்" என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். யார் எழுதிக் கொடுத்த பத்திரம் அது? 2000களில் சீனாவில் உழைக்கும் வயதினர் பெருகிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சீனாதான் தன் சேமிப்பை அமெரிக்கக் கடன் பத்திரத்தில் கொண்டுபோய்க் கொட்டியது. நம் பெண்களில் பெரும்பாலோர் சம்பள வேலையில் இல்லை. படித்துவிட்டு வீட்டுக்குள் இருக்கும் உங்கள் அக்காவை எந்தக் கணக்கில் சேர்த்து இளைய நாடு என்று மார்தட்டுகிறீர்கள்?

அத்தை வீட்டுக்கு எதிரே மதகில் எந்நேரமும் நாலு வாட்டசாட்டமான பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆடுகள் போனது அவர்களிடம் அல்ல, இரண்டு ஊர் தள்ளியிருந்த ஐம்பது வயதுக்காரரிடம். ஒருவன் சண்டைக்கே வந்துவிட்டான்: "ஏன் ஆயா, எங்களுக்குக் கை இல்லையா?"

"கை இருக்குடா. பட்டி இருக்கா?"

மறு தையில் அவன் பட்டி கட்டினான். அத்தை இரண்டு பெட்டையாடு கொடுத்தார்.