டானிக் குடித்தால் சரியாகுமா?

கேள்வி: எனக்கு வயது 56. சர்க்கரை, தொப்பை இரண்டும் உண்டு. 'உள்ளுக்குள் அழற்சி இருக்கிறது' என்கிறார் டாக்டர். காய்ச்சல் இல்லை, புண் இல்லை, பிறகு எங்கே அழற்சி? எதிர்ப்பு சக்தி கூட டானிக் ஏதாவது குடிக்கலாமா?

பதில்: டானிக்கை முதலில் கீழே வையுங்கள். அவர் சொன்ன அழற்சி, எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வருவதில்லை, அந்தச் சக்தி வேண்டாத இடத்தில் ஓயாமல் வேலை செய்வதால் வருவது.

பிறவியிலேயே நமக்கு இருக்கும் எதிர்ப்புப் படை கிருமியைக் கண்டாலும் கிளம்பும், செல் சிதைந்தாலும் கிளம்பும். தொப்பையில் ஒரு கொழுப்பு செல் அளவுக்கு மீறி உப்பிச் செத்தால், விழுங்கணுக்கள் என்ற வெள்ளணுக்கள் வந்து அதைச் சுற்றி வளைத்து உட்கார்ந்துகொள்ளும், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கிரீடம் வைத்த மாதிரியே இருக்கும். குப்பை அள்ள வந்தவை சும்மா இருக்குமா? டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைக் கசியவிடும், பக்கத்து செல்கள் இன்சுலின் பேச்சைக் கேட்காமல் போகும். எலிகளில் இதை 1993-லேயே காட்டிவிட்டார்கள். மனிதர்களுக்கு டி.என்.எஃப்பைத் தடுத்துப் பார்த்தபோது சர்க்கரை பெரிதாக அசையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் செல்லுக்குள் என்.எல்.ஆர்.பி.3 என்று ஓர் அலாரம் இருக்கிறது. யூரிக் அமிலப் படிகம் பட்டால் அது அடிக்கும். ராத்திரியில் கால் கட்டைவிரல் வீங்கித் தெறிக்கிறதே, கவுட், அது இந்தக் கூத்துதான். ரத்தக்குழாய்ச் சுவரில் கொலஸ்ட்ரால் படிகமானாலும் அதே அலாரம்தான், ஆனால் வலிக்காது, அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அலாரம் அடித்தால் வெளியே வருவது இன்டர்லூகின்-1 பீட்டா என்ற இன்னோர் அழற்சிப் புரதம். ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,000 பேருக்கு மேல் சேர்த்து, அதை மட்டும் தடுக்கும் கானகினுமாப் ஊசியைச் சோதித்தார்கள். 2017-ல் முடிவு வந்தது: நடுத்தர டோஸில், கெட்ட கொலஸ்ட்ரால் குறையாமலேயே, மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு மூன்றும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. ஆனால் தொற்றில் இறந்தவர்கள் கூடினார்கள், புதிதாகச் சர்க்கரை வருவதும் குறையவில்லை. ஆக, படையை ஒரேயடியாக அடக்குவதும் ஆபத்துதான்.

வயதானால், இரண்டாகப் பிரிந்து பெருகாமலும் சாகாமலும் கிடக்கும் செல்கள் சேர்ந்து, அவையும் இதே அழற்சிப் புரதங்களை விடுகின்றன.

நீங்கள் செய்யக்கூடியது, தொப்பையைக் குறையுங்கள், நடங்கள், ஈறில் ரத்தம் வந்தால் அதுவும் அழற்சிதான், பல் டாக்டரைப் பாருங்கள். அழற்சியை அளக்கும் சி.ஆர்.பி. ரத்த டெஸ்ட் எழுதிக் கொடுத்தால் சளி பிடித்திருக்கும் வாரத்தில் எடுக்காதீர்கள், எண் எகிறி நிற்கும்.