பழைய பியானோ இசைக்கு காப்புரிமைக் கோரல் வந்தால்

தாத்தாவின் புகைப்பட வீடியோவில் பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாத்தியின் 'ஜிம்னோபெடி 1' என்ற பியானோ இசையைப் போட்டதற்கு யூடியூபில் கோரல் வந்திருக்கிறது என்கிறீர்கள். பயப்படாதீர்கள், கோரல் வேறு, ஸ்ட்ரைக் வேறு: கோரல் அந்த வீடியோவோடு நிற்கும், ஸ்ட்ரைக் என்பது சேனலுக்கே வரும் தண்டனை. சாத்தி 1925-இல் இறந்துவிட்டார், காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் மெட்டு யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் நீங்கள் எடுத்த ஒலிப்பதிவு அதை வாசித்தவருடையதோ நிறுவனத்துடையதோ. சிக்கலே அங்கேதான்.

யூடியூப் ஸ்டுடியோவில் 'பாடலை மாற்று' கொடுத்தால் வீடியோவை மறுபடி ஏற்ற வேண்டாம். பதிவு சிசி0 உரிமத்தில் (உரிமையாளர் எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்) இருந்தால், பதிவை எடுத்த பக்கத்தின் இணைப்போடு கோரலை ஆட்சேபியுங்கள். கோரியவர் பதில் தர 30 நாள் அவகாசம். சிசி பிஒய் (பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தும் உரிமம்) என்றால் விவரக்குறிப்பில் பெயர், உரிமம், இணைப்பு மூன்றும் கட்டாயம். உரிமத்தில் என்சி (வணிகப் பயன்பாடு கூடாது) என்றிருந்தால் விளம்பர வருமானம் வரும் வீடியோவுக்கு வேண்டவே வேண்டாம்.

தெரிந்தவர் யாராவது கீபோர்டில் வாசித்துத் தந்தால் அதுதான் இன்னும் அழகு. ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் மோனோவாக்கி (ஒரே ஒலித்தடமாக்கி), 200 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 5,000-க்கு மேலும் வெட்டுங்கள். பழைய ரேடியோ வாசம் வந்துவிடும். இசைத்தட்டுக் கரகரப்பை இசையைவிட 25 டெசிபலாவது தாழ்த்தி வையுங்கள். கூடினால், வீடியோவில் பேச்சு இருந்தால் அதில் வரும் 'ச', 'ஷ' தெளிவில்லாமல் போகும்.