‘நல்லாத்தானே இருக்கான்’ என்று கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. வீட்டில் நடந்த சண்டையில் பாராசிட்டமால் மாத்திரைகளை மொத்தமாக விழுங்கிவிட்டான். ஆம்புலன்ஸ் வந்தபோது தெளிவாகப் பேசினான், வர மாட்டேன் என்றான். மறுப்புப் படிவத்தில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மனசு கேட்காமல் அன்று இரவே நாங்களே மருத்துவமனையில் சேர்த்தோம், இப்போது நலம். கையெழுத்துப் போட்டது தப்பா? மறுபடி இப்படி நடந்தால் என்ன செய்வது?

பதில்: மனசு கேட்காமல் கிளம்பினீர்களே, அதுதான் சரி. கையெழுத்துக்கு வருகிறேன். முதலில் இந்த மாத்திரையின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவர் முதல் நாள் முழுக்கப் பெரும்பாலும் சாதாரணமாகவே இருப்பார். குமட்டல், வாந்தி வரலாம், அதுவும் வராமல் போகலாம். அதற்குள் கல்லீரல் கெட ஆரம்பித்திருக்கும். வலியும் மஞ்சள் காமாலையும் வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற நல்ல முறிவு மருந்து இருக்கிறது. விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரலை அநேகமாக முழுசாகக் காப்பாற்றிவிடலாம். பிந்தினாலும் கொடுப்பார்கள், பலன் குறையும். மருந்து தேவையா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனையோ, விழுங்கி 4 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் நம்பத் தகுந்தது. ஆகவே வீட்டு வாசலில் நாடி, ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து ‘எல்லாம் நார்மல்’ என்று யார் சொன்னாலும், அது அந்த நிமிடத்தைப் பற்றிய பேச்சுதான்.

சரி, கையெழுத்து. வயது வந்தவர் சிகிச்சையை மறுக்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்த மறுப்பு செல்லுபடியாக வேண்டுமென்றால் அவருக்கு முடிவெடுக்கும் தெளிவு இருக்க வேண்டும். பெயர், கிழமை, இடம் சரியாகச் சொல்லிவிட்டால் தெளிவு வந்துவிடாது. தனக்கு என்ன ஆபத்து என்று புரிந்ததா, அதை மனதில் வைத்து எடை போட முடிகிறதா, போகாவிட்டால் என்ன ஆகும் என்று தன் வாயால் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். சற்று முன் சாக நினைத்து விழுங்கியவர், அதுவும் கோபத்திலோ போதையிலோ இருப்பவர், இதில் தேறிவிட்டார் என்று அவசரமாக முடிவு கட்டக் கூடாது. விவரம் நாட்டுக்கு நாடு சட்டப்படி மாறும். ஆனாலும் உங்கள் வீட்டில் நடந்தது எனக்கு விளங்கவே இல்லை. தம்பிக்குத் தெளிவு இருந்தது என்றால் அவனல்லவா கையெழுத்துப் போட வேண்டும்? தெளிவு இல்லை என்றால் அவனை விட்டுவிட்டுப் போனது எப்படி? அப்பாவின் கையெழுத்து இந்த இரண்டில் எதற்கும் பொருந்தவில்லை. வந்தவர்களையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ரத்தம் கொட்டினால் என்ன செய்வது என்று நாள்கணக்கில் சொல்லித் தருகிறார்கள். சாக நினைத்தவரோடு எப்படிப் பேசுவது என்பதை ஓரிரு வகுப்பில் முடித்து அனுப்புகிறார்கள். படிவத்தை மட்டும் மறக்காமல் கொடுத்துவிடுகிறார்கள்!

அடுத்த முறை யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். ‘சாக வேண்டும் என்று விழுங்கினான், இத்தனை மணிக்கு, இந்த மாத்திரை’ என்று ஆம்புலன்ஸில் வந்தவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். அவர்களுடைய கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடமோ விஷமுறிவுத் தகவல் மையத்திடமோ இங்கிருந்தே பேசச் சொல்லுங்கள். வீட்டில் பத்துப் பேர் கத்தாமல், அவன் நம்பும் ஒருவர் மட்டும் பேசட்டும். முரண்டு பிடித்தால் அடக்குவதற்கு ஆள் வரலாம். அப்போதும் குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஏறி அமுக்க விடாதீர்கள், மூச்சு நின்றுவிடும்.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலையும் விடாதீர்கள். உப்பு ரத்தத்தில் ஏறி அதுவே உயிரை எடுத்திருக்கிறது. அட்டை, பாட்டில், குப்பைத் தொட்டியில் கிடப்பது எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அப்புறம், மருத்துவமனை வாசலில் நிற்கும் ‘உதவியாளர்’. ‘தெரியாமல் சாப்பிட்டான், உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதச் சொல்லுங்கள், போலீஸ் தொல்லை இருக்காது, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று காதில் ஓதுவார். கேட்காதீர்கள். நீங்கள் வாந்தி பேதி என்று சொன்னால் மருத்துவர் வாந்தி பேதிக்குத்தான் வைத்தியம் பார்ப்பார். அந்த 8 மணி நேரம் குளுக்கோஸ் பாட்டிலில் கரைந்துவிடும். இன்னொரு வகை, கமிஷனுக்காக அருகில் இருக்கும் பெரிய மருத்துவமனையைத் தாண்டி எங்கோ கொண்டுபோகும் வண்டிக்காரர். ‘எந்த மருத்துவமனை, அங்கே இந்த முறிவு மருந்து இருக்கிறதா’ என்று ஏறும் முன்பே கேளுங்கள். ஒரு வாரக் கல்லீரல் சுத்திகரிப்பு என்று விற்பவரைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

கல்லீரல் சரியானதும் மனநல மருத்துவரைப் பார்க்காமல் டிஸ்சார்ஜ் வாங்கியிருந்தால், இந்த வாரமே அழைத்துப் போங்கள். வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் ஆபத்து அதிகம். வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், ஒரே சமயத்தில் நிறைய வாங்கி வைக்காதீர்கள். ‘இன்னும் சாகணும்னு தோணுதா?’ என்று தம்பியிடம் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.