ஷிவாகோ என்ற பெயரின் வால்

அன்புள்ள ஐயா,

பாஸ்டர்நாக்கின் 'டாக்டர் ஷிவாகோ'வை இப்போதுதான் படித்து முடித்தேன். கதையை விட அந்தக் குடும்பப்பெயர்தான் மண்டையைக் குடைகிறது. ஆங்கிலத்தில் அதை இசட்-எச் போட்டுத் தொடங்குகிறார்கள். நம் 'ழ'வுக்கும் அதே இரண்டு எழுத்துகள்தான். அப்படியானால் 'ழிவாகோ' என்று படிக்க வேண்டுமா? நண்பர் ஒருவர் இது 'சிவ' என்பதன் திரிபு என்று சாதிக்கிறார். இணையத்தில் தேடினால், "இந்தக் குடும்பப்பெயர் 50 சதவீதம் ரஷ்ய மூலம் கொண்டது, ரஷ்ய அரசன் இவான் தி டெரிபிளிடம் இருந்த சிறப்புப் பட்டியலில் இடம்பெற்றது, அரிதானது" என்று ஒரு தளம் சொல்கிறது. எது உண்மை? கதாநாயகனின் மனைவியை 'ஷிவாகோவா' என்று எழுதாதது ஏன்? உண்மையிலேயே அரிய பெயர்தானா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த இணையதளத்தை மூடிவிடுங்கள். நீங்கள் எடுத்துக் காட்டியிருக்கும் வாசகம் ரஷ்ய இணையத்தில் பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் அச்சு வார்ப்பு. 50 சதவீதம் ரஷ்யம், மிச்சம் உக்ரேனியம், பெலாரூசியம், மற்ற மொழிகள் என்று ஒரு கணக்கு. அரசன் தனக்கு வேண்டியவர்களுக்கு வழங்கிய இனிய பெயர்களின் பட்டியல் என்று ஒரு கதை. எந்தக் குடும்பப்பெயரைத் தட்டினாலும் அதே பத்தி, பெயர் மட்டும் மாறி வரும். சோதித்துப் பார்க்க விரும்பினால் உங்கள் ஊர்ப்பெயரை ரஷ்ய எழுத்தில் கொடுத்துப் பாருங்கள். கும்பகோணத்துக்கும் இவான் பட்டயம் கொடுத்திருப்பார்.

உச்சரிப்பு. 'ழ' இல்லை. அந்த இசட்-எச் ரஷ்ய எழுத்தான 'ஷே'வுக்கு ஆங்கிலத்தார் போட்ட கூட்டு. ஆங்கில 'பிளஷர்' என்ற சொல்லின் நடுவில் வரும் ஒலி, நாக்கைச் சற்றுப் பின்னால் இழுத்துச் சொல்ல வேண்டும். தமிழில் அந்த ஒலிக்கு எழுத்து இல்லாததால் 'ஷ' போடுகிறோம். அழுத்தம் 'வா'வில் விழுகிறது. அதனால் கடைசி உயிர் தேய்ந்து, ரஷ்யர் வாயில் 'ஷிவாக' என்பதுபோல் கேட்கும்.

உங்கள் நண்பர் தவறான கதவைத் தட்டியிருக்கிறார், ஆனால் தெரு சரி. சமஸ்கிருத 'சிவ' என்றால் மங்கலமான, நன்மை தரும் என்று பொருள். அதற்கும் இந்தப் பெயருக்கும் உறவு கிடையாது. ரஷ்ய 'ஷிவ்' என்ற வேருக்கு உறவு 'ஜீவ'. லத்தீனின் 'வீவுஸ்', லித்துவேனியத்தின் 'கீவஸ்' எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். 'ஷிவோய்' என்றால் உயிருள்ள. 'ஷிஸ்ன்' என்றால் வாழ்க்கை. ஷிவாகோவுக்கு நேர் எதிரான ஒரு குடும்பப்பெயரும் ரஷ்யாவில் உண்டு: மெர்த்வாகோ. 'மியோர்த்விய்' என்றால் இறந்த. சமஸ்கிருதத்தின் 'ம்ருத' அதன் உறவு. அதற்கு முன்னால் 'அ' சேர்த்தால் நமக்குத் தெரிந்த அமிர்தம். திமித்ரி மெர்த்வாகோ என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரிமியா அடங்கிய தவ்ரிதா மாகாணத்தின் ஆளுநராக இருந்தார். அந்தப் பெயரோடு ஒருவர் ஆளுநர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பதே ரஷ்யர்கள் குடும்பப்பெயரின் பொருளை அன்றாடம் நினைத்துக்கொண்டிருப்பதில்லை என்பதற்குச் சான்று.

ஆனால் இந்தப் பெயரின் சுவாரசியம் வேரில் இல்லை, வாலில் இருக்கிறது. அந்த 'ஆகோ' ஆறாம் வேற்றுமை உருபு. ஷிவாகோ என்றால் 'உயிருள்ளவன்' இல்லை, 'உயிருள்ளவனுடைய'. நம் ஊரில் தெருவில் ஓடும் பையனை நிறுத்தி "யார் வீட்டுப் பிள்ளைடா நீ?" என்று கேட்கிறோம் இல்லையா, அந்தக் கேள்விக்கான பதிலாகப் பிறந்தவைதான் ரஷ்யக் குடும்பப்பெயர்களில் பெரும்பகுதி. பதில் சொல்ல மொழி பல வழிகளை வைத்திருந்தது.

பொதுவழி 'ஓவ்', 'யெவ்', 'இன்'. இவை உடைமை காட்டும் பெயரடைகள். இவானுடையவன் இவானோவ். மூலச்சொல் 'ஆ' என்று முடிந்தால் 'இன்' வரும்: இல்யா, இல்யின். இவை எழுவாய் வடிவில் நிற்பதால் பெண்ணுக்கு இவானோவா, இல்யினா என்று மாறும். அடுத்தது, அடைமொழியை அப்படியே பெயராக வைத்துக்கொள்வது. தல்ஸ்தோய் என்றால் தடித்தவர், அவ்வளவுதான், பெண்ணானால் தல்ஸ்தாயா. மூன்றாவது, பன்மையில் 'இன்னாருடையவர்கள்': செர்னிஹ் (கறுத்தவர்கள் வீட்டார்), செதிஹ் (நரைத்தவர்கள் வீட்டார்), தோல்கிஹ் (நெட்டையர் வீட்டார்). 'இஹ்' என்று முடியும் இவை யூரல், சைபீரியா, வரோனெஷ் பக்கம் தாராளம். நான்காவது வழிதான் நம்முடையது: ஒருமையில் 'இன்னானுடைய'. இது மட்டும் வளராமல் நின்றுவிட்டது.

இதற்குள்ளும் இரண்டு எழுத்துமுறைகள் உண்டு. ரஷ்யப் பேச்சில் இந்த உருபிலுள்ள 'க்' என்றோ 'வ்' ஆகிவிட்டது. இன்றும் 'கோ' என்று எழுதிவிட்டு 'வோ' என்று படிக்கிறார்கள். சில குடும்பங்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டன: துர்னவோ, ஹித்ரவோ, நெதபுரோவோ, பிளகோவோ. சில குடும்பங்கள் தேவாலய ஸ்லாவிய (ரஷ்யத் திருச்சபையின் பழைய வழிபாட்டு மொழி) எழுத்துமுறைப்படி 'ஆகோ'வைப் பிடித்துக்கொண்டன: ஷிவாகோ, மெர்த்வாகோ, வெசெலாகோ. பின்னவற்றில் 'க்' உண்மையிலேயே ஒலிக்கும். 'வோ' பெயர்களில் துர்னவோ, ஹித்ரவோ போன்றவற்றுக்கு அழுத்தம் கடைசி எழுத்தில், 'ஆகோ' பெயர்களுக்கு அதற்கு முந்தைய எழுத்தில்.

இங்கே பலர் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. மாஸ்கோ விமான நிலையங்களான தமதேதவோ, ஷெரெமெத்யெவோ ஆகியவற்றின் 'வோ' வேறு. அவை ஊர்ப்பெயர்கள்; 'ஓவ்' உடைமைப் பெயரடையின் அஃறிணை வடிவம். துர்னவோ குடும்பத்தைப் பார்த்ததும் துர்னவோ என்றொரு ஊரைத் தேடிப் புறப்பட வேண்டாம்.

துர்னவோ குடும்பமே நல்ல எடுத்துக்காட்டு. 'துர்னோய்' என்றால் மோசமான, அவலட்சணமான. வம்சாவளி ஏடுகளின்படி இவர்கள் தல்ஸ்தோய்களின் ஒரு கிளை. துர்னோய் என்று அடைமொழி பெற்ற ஒரு வசீலி தல்ஸ்தோயின் வழி வந்தவர்கள். தடித்தவரின் வீட்டில் மோசமானவர் பிறந்தார், அவர் பிள்ளைகள் 'மோசமானவருடையவர்கள்' ஆனார்கள். பிறகு அந்தக் குடும்பத்தில் இருவர், இவானும் பியோத்தரும், ஜார் ஆட்சியில் உள்துறை அமைச்சர்களாகவும் இருந்தார்கள். இப்படிப்பட்ட பெயர்களைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை. கண்ணேறு படாமலிருக்கக் குழந்தைக்கு நெக்ராஸ் (அழகில்லாதவன்) என்று பெயர் வைத்த நாடு அது. நெக்ராசோவ் அதிலிருந்து வந்தது. குப்பன் என்றும் பிச்சை என்றும் வைத்த நமக்கு விளக்க வேண்டியதில்லை. எல்லா அடைமொழியும் இழிவும் இல்லை: 'ஹித்ரிய்' என்றால் சூட்சுமக்காரர். 1648-இல் சிம்பிர்ஸ்க் கோட்டையைக் கட்டிய பக்தான் ஹித்ரவோவின் குடும்பப்பெயர் அதிலிருந்து வந்தது. 'வெசோலிய்' என்றால் களிப்பானவர். ரஷ்யக் கடற்படை வரலாற்றை எழுதியவர் வெசெலாகோ.

ஷிவாகோவுக்கு வருவோம். 'ஷிவோய்' என்பதற்கு உயிருள்ள என்பதோடு துறுதுறுப்பான என்ற பொருளும் உண்டு. ஒரு மனிதனுக்கு ஊரார் வைத்த அடைமொழி என்ற வகையில் இரண்டாவதுதான் பொருந்தும் என்பது என் கணிப்பு. உயிரோடிருப்பது எல்லாருக்கும் பொது, அதற்காக யாரும் பட்டப்பெயர் வைப்பதில்லை. ரஷ்யாவில் நிஜமான ஷிவாகோக்கள் வணிகக் குடும்பத்தார். ரியாசான் நகரின் பொது வங்கி செர்கேய் ஷிவாகோ என்ற வணிகரின் பெயரில் இயங்கியது. நாவலின் தொடக்கத்தில் ஷிவாகோ வங்கி, ஷிவாகோ ஆலை, ஷிவாகோ என்றே பெயர் கொண்ட ஒரு தித்திப்புப் பலகாரம் எல்லாம் வருகின்றன அல்லவா, அந்த வணிக வாசனை கற்பனை மட்டும் இல்லை.

வேதப் பொருளை ஏற்றியவர் பாஸ்டர்நாக். மத்தேயு 16:16-இல் பேதுரு சொல்வதைத் தமிழ் வேதாகமம் "ஜீவனுள்ள தேவனுடைய குமாரன்" என்கிறது. தேவாலய ஸ்லாவியத்தில் அந்த 'ஜீவனுள்ள'தான் 'ஷிவாகோ', தேவனோடு சேர்ந்து ஆறாம் வேற்றுமையில். சிறுவயதில் பிரார்த்தனையில் கேட்ட அந்த வரியே பெயருக்கு மூலம் என்று பாஸ்டர்நாக் சொன்னதாக ரஷ்ய எழுத்தாளர் ஷலாமவ் எழுதியிருக்கிறார். லூக்கா 24:5-லும் அதே சொல்: "உயிரோடிருக்கிறவரை நீங்கள் மரித்தோரிடத்தில் தேடுகிறதென்ன?" தமிழில் இது 'ஐ' உருபு. ரஷ்யத்தில் உயிருள்ள ஆண்பாலுக்கு இரண்டாம் வேற்றுமையும் ஆறாம் வேற்றுமையும் ஒரே வடிவம்.

இதைத் தெரிந்துகொண்டு நாவலின் முதல் பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். சவ ஊர்வலம் போகிறது. யாரைப் புதைக்கிறார்கள் என்று வழிப்போக்கர் கேட்கிறார்கள். பதில்: ஷிவாகோ. ரஷ்யக் காதில் அது 'உயிரோடிருப்பவனை' என்றும் விழுகிறது. கேட்டவர் ஆண் என்று நினைத்துக்கொள்கிறார். உடனே அவன் இல்லை, அவள் என்று திருத்தம் வருகிறது. உங்கள் 'ஷிவாகோவா' கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. ஏற்கெனவே வேற்றுமை ஏற்று நிற்கும் சொல் மேற்கொண்டு உருபு ஏற்காது. 'ராமனுடைய' என்பதற்கு இன்னொரு 'உடைய' போட முடியாதது போல. ஆகவே ஆகோ, ஓவோ, இஹ் பெயர்கள் பாலுக்கும் வேற்றுமைக்கும் அசையாது. கணவர் ஷிவாகோ, மனைவியும் ஷிவாகோ. பெயர் பால் காட்டியிருந்தால் அந்த வழிப்போக்கர் ஏமாந்திருக்க மாட்டார், அந்த உரையாடலே இருந்திருக்காது. மொழிபெயர்ப்பில் இந்த இடம் செத்துவிடுகிறது. தமிழில் செய்பவர்கள் ஒரு அடிக்குறிப்பாவது போட வேண்டும்.

அரிதா என்ற கேள்விக்கு: ஆம், அரிது. இந்த வகைப் பெயர்கள் மொத்தமே விரல்விட்டு எண்ணத் தக்கவை. காரணம் எளிது. இவை பெரும்பாலும் பிரபுக் குலங்களில் பழைய காலத்திலேயே உறைந்துபோனவை. உழவர்களில் பெரும்பாலோர் 1861-இல் பண்ணையடிமை முறை ஒழிந்த பிறகுதான் நிலையான குடும்பப்பெயர் பெற்றார்கள். அப்போது எழுத்தர் கைக்குப் பழகிய அச்சு 'ஓவ்', 'இன்'. துர்னோய் என்ற உழவரின் பேரன் துர்னோவ் ஆனான், துர்னவோ ஆகவில்லை. பிறகு 1918-இன் எழுத்துச் சீர்திருத்தம் 'ஆகோ' உருபை எழுத்திலிருந்தே நீக்கியது. குடும்பப்பெயர்களில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எந்த ரஷ்யப் பெயரையும் சோதிக்க வேண்டுமானால் சிரிலிக் வடிவத்தை, அதாவது ரஷ்ய எழுத்தில் உள்ளதை, முதலில் பிடியுங்கள். ஆங்கில வழி வருவது பாதியை விழுங்கிவிடும். நாம் கொர்பச்சேவ் என்பது அங்கே கர்பச்யோவ். பிறகு வாலைக் கழற்றுங்கள். மிஞ்சும் வேரை இன்றைய அகராதியில் தேடாமல், வட்டார வழக்குகளைச் சேர்த்துவைத்த தால் அகராதியில் (1863–66) பாருங்கள். இன்றைய அகராதியை மட்டும் நம்பினால் பாதிப் பெயர்களுக்குப் பொருளே கிடைக்காது, மீதிக்குத் தவறான பொருள் கிடைக்கும். அடுத்து இடம். நிகோனவ் என்ற ஆய்வாளர் ஐரோப்பிய ரஷ்யாவை நான்கு பெயர் நாடுகளாகப் பிரித்தார்: வடமேற்கில் இவானோவ், மேல் வோல்காவில் ஸ்மிர்னோவ், வடக்கில் போப்போவ், நடுவிலும் அதற்குத் தெற்கிலும் குஸ்நெத்சோவ் முன்னணி. நாடு முழுவதற்கும் ஒரே 'முதல் பெயர்' சொல்லும் பட்டியல்களை இதனால்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். ரஷ்யக் குடும்பப்பெயர்களை ஆராய்ந்த அன்பெகௌன் 1910-இன் பீட்டர்ஸ்பர்க் முகவரி நூலை எண்ணியபோது இவானோவ் முதலில் வந்தது. அது அந்த நகரத்தின் கணக்கு.

எண்ணிக்கைக்கு, ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'பாமியத் நரோதா' தரவுத்தளம் இலவசம். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர்களின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த ஊர், படைக்கு எடுத்த இடம் கிடைக்கும். ஒரே ஆளுக்கு நாலைந்து ஆவணங்கள் இருக்கும் என்பதால் வரும் எண்ணைத் தலைக்கணக்காக எடுக்காதீர்கள். பிறந்த ஆண்டையும் ஊரையும் வைத்துச் சேர்த்து எண்ண வேண்டும். பெரும்பாலும் ஆண்கள்தான் அதில் இருப்பார்கள். போருக்கு முந்தையதற்கு, வரி கட்டிய வகுப்பாரைப் பதிவுசெய்த 'ரெவிசியா' ஏடுகள் (1719 முதல் 1850-களின் இறுதி வரை பத்து முறை) மாகாண ஆவணக் காப்பகங்களில் உள்ளன. அவற்றில் வணிகர்கள் உண்டு, பிரபுக்கள் இல்லை. ஆகவே ஷிவாகோக்களை அங்கே தேடலாம், துர்னவோக்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவர்கள் பிரபுக்களின் வம்சாவளி ஏடுகளில் இருப்பார்கள். எங்கே தேடினாலும் 'ஷிவாகோ'வோடு 'ஷிவோகோ' என்ற எழுத்தையும் போட்டுப் பாருங்கள். சீர்திருத்தத்துக்குப் பின் பள்ளி முடித்த எழுத்தருக்குக் கை அப்படித்தான் போகும்.