பழைய படங்களைத் திறந்த உரிமத்தில் வெளியிடுமாறு ஓர் அருங்காட்சியகத்தை எப்படி இணங்கவைப்பது?

கேள்வி: நாங்கள் சிலர் விக்கிப்பீடியாவில் வரலாற்றுக் கட்டுரைகள் எழுதிவருகிறோம். எங்களுக்குப் பழக்கமான ஓர் அருங்காட்சியகத்தில் நூறாண்டுக்கும் பழமையான ஒளிப்படங்கள், அச்சோவியங்கள், கையெழுத்துப்படிகள் நிறைய உள்ளன. பெரும்பகுதி ஏற்கெனவே ஸ்கேன் செய்யப்பட்டுவிட்டது. ஆனால் இணையத்தில் அவை மிகச் சிறிய படங்களாக, குறுக்கே வாட்டர்மார்க்குடன், ‘அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’ என்ற வரியோடு கிடக்கின்றன. யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் திறந்த உரிமத்தில் தரலாமே என்று கேட்டோம். ‘யாராவது எடுத்து விற்றுவிட்டால் என்ன செய்வது?’ என்று மறுத்துவிட்டார்கள். எப்படி அணுகுவது? எந்த உரிமத்தைக் கேட்பது?

பதில்: படங்கள் ஏற்கெனவே ஸ்கேன் செய்யப்பட்டுவிட்டன என்பது உங்களுக்குப் பெரிய அனுகூலம். பணமும் ஆட்களும் அதிகம் தேவைப்படும் கட்டம் மின்னாக்கம்தான். அதைக் கடந்துவிட்ட நிறுவனம் இனி எடுக்க வேண்டியது ஒரு முடிவு மட்டுமே. அந்த முடிவுக்குத் தயங்குகிறவர்களைப் பகிர மனமில்லாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். எதன்மீது தமக்கு உரிமை இருக்கிறது, எதன்மீது இல்லை என்பது தெளிவாகத் தெரியாததால், நாளை ஏதேனும் சிக்கல் வந்தால் பழி தம் தலையில் விழுமே என்று அஞ்சுகிறார்கள். எனவே அறிவைப் பகிர்வதன் மேன்மையைப் பேசுவதற்கு முன்பு, இந்த உரிமைக் கணக்கை அவர்களோடு உட்கார்ந்து தீர்த்துக்கொடுங்கள். மற்ற எல்லா வாதங்களும் அதற்குப் பிறகுதான் எடுபடும்.

ஒரு பொருள் அருங்காட்சியகத்தின் உடைமையாக இருப்பது வேறு, அதன் பதிப்புரிமை அருங்காட்சியகத்திடம் இருப்பது வேறு. இதைப் பொதுவாகச் சொன்னால் யாரும் தலையாட்டுவார்கள். ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால்தான் மனத்தில் பதியும். அவர்களுடைய சேமிப்பிலிருந்து ஒரேயொரு குழுப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையின் பின்புறத்தில் ஸ்டுடியோவின் முத்திரையும், பென்சிலால் எழுதிய ஓர் ஆண்டும், மூலையில் சேர்க்கை எண்ணும் இருக்கும். சேர்க்கைப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே, கொடுத்தவரின் பெயரும் நன்கொடைக் கடிதத்தின் தேதியும் இருக்கும். அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்தால், ‘காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம்’ என்ற ஒரு வரிக்கு மேல் பெரும்பாலும் எதுவும் இருக்காது. அந்த வரி அட்டையைத்தான் கைமாற்றியது, பதிப்புரிமையை அன்று. படத்தைக் கொடுத்த குடும்பத்திடமே அந்த உரிமை இருந்ததா என்பதும் ஐயத்துக்குரியது, ஏனெனில் அது படம்பிடித்தவரிடமோ ஸ்டுடியோவிடமோ இருந்திருக்கலாம்.

ஆகவே ஒவ்வொரு தொகுப்பிலும் கேட்க வேண்டிய கேள்விகள் சில: ஆக்கியவர் யார், எப்போது இறந்தார், படைப்பு எப்போது வெளியானது, அந்நாட்டுச் சட்டப்படி உரிமைக் காலம் எவ்வளவு. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை பொதுவாகக் குறைந்தபட்சக் காலமாக வைப்பது ஆக்கியவரின் ஆயுளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும். பல நாடுகளில் அது 70 ஆண்டுகள், சிலவற்றில் 60. ஒளிப்படங்களுக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. காலம் முடிந்திருந்தால் அந்தப் படைப்பு பொதுக்களத்துக்கு வந்துவிட்டது. அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. நிறுவனத்தின் ஊழியர்கள் பணியின் பகுதியாக எடுத்த படங்களும் எழுதிய விவரக்குறிப்புகளும் பெரும்பாலும் நிறுவனத்துக்கே உரியவை. அவற்றுக்கு நிறுவனமே உரிமம் தரலாம். இந்த இரண்டிலும் சேராமல், உரிமையாளர் யாரென்றே தெரியாத ஒரு பெருங்குவியல் எஞ்சும். முதற்கட்டத்தில் அதைத் தொடவே வேண்டாம். அதற்கு உரிமம் தரும் அதிகாரம் நிறுவனத்துக்கு இல்லை. உள்ள நிலையை உள்ளபடி சொல்வதற்காக, 2016இல் தொடங்கப்பட்ட ரைட்ஸ்ஸ்டேட்மென்ட்ஸ் என்ற அமைப்பு 12 வகையான உரிமைக் குறிப்புகளைத் தரப்படுத்தி வைத்திருக்கிறது. அவற்றில் பொருத்தமானதை இட்டுவைத்தால், ‘அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’ என்று உண்மையில்லாத ஒன்றைச் சொல்வதாவது நிற்கும்.

இங்கே அவர்கள் ஒரு தடை எழுப்பலாம்: ‘மூலப்படம் பொதுக்களத்தில் இருக்கட்டும், ஸ்கேன் செய்தது நாங்கள்தானே?’ நியாயமான கேள்வி. உழைப்பும் செலவும் அவர்களுடையவை. ஆனால் தட்டையான ஒரு படைப்பை அப்படியே நகலெடுப்பதால் புதிய பதிப்புரிமை பிறப்பதில்லை என்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 1999இல் பிரிட்ஜ்மன் எதிர் கோரல் வழக்கில் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய பதிப்புரிமைப் பணிப்பாணையின் 14ஆம் பிரிவும், பொதுக்களத்திலுள்ள காட்சிக்கலைப் படைப்பின் நகலுக்கு, அந்த நகல் தன்னளவில் புதிய படைப்பாக இருந்தாலன்றி, உரிமை கோர முடியாது என்கிறது. எல்லா நாடுகளிலும் சட்டம் இவ்வளவு தெளிவாக இல்லை. எனவே உங்கள் நாட்டு நிலையை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு, அவர் சொல்வதை எழுத்தில் வாங்கி, நிறுவனத்தின் முன் வையுங்கள். உரிமை கோருவது எவ்வளவு பொருத்தமற்றதாகிவிடலாம் என்பதற்குப் பண்டைய எகிப்திய அரசி நெஃபர்டீட்டியின் சிலை ஓர் எடுத்துக்காட்டு. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் பழைய அந்தச் சிலையின் முப்பரிமாண ஸ்கேன், பெர்லினில் நெடுநாள் நடந்த தகவல் கோரிக்கைப் போராட்டத்துக்குப் பின் 2019இல் வெளிவந்தபோது, வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிம வாசகம் அதன் அடிப்பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருந்தது.

இனி எந்த உரிமம் என்பது. காலம் முடிந்த படைப்புகளுக்கு உரிமமே தேவையில்லை. திறந்த உரிமங்களை வகுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சுருக்கமாகச் சிசி) அமைப்பு 2010இல் உருவாக்கிய பொதுக்களக் குறியை இட்டால் போதும். ஸ்கேனில் ஏதேனும் உரிமை எஞ்சியிருக்கலாம் என்ற ஐயம் உள்ள நாடுகளில், 2009இல் வந்த சிசி0 என்ற உரிமைத் துறப்பைக் கேளுங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் சுமார் 3,75,000 படங்களையும், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020 பிப்ரவரியில் 28 லட்சம் படங்களையும் சிசி0இன் கீழ்தான் வெளியிட்டன. நிறுவனத்துக்கே உரிமையுள்ள படங்களுக்கும் கட்டுரைகளுக்கும், பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்னும் சிசி-பை, அல்லது மாற்றி வெளியிடுவோரும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்னும் சிசி-பை-எஸ்ஏ பொருத்தமானவை. வணிகத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது என்ற நிபந்தனைகளோடு தருகிறோம் என்பார்கள். பணிவாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் மறுத்துவிடுங்கள். அந்த நிபந்தனைகள் உள்ள படங்களை, விக்கிப்பீடியாவுக்கான படக்களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகம் ஏற்பதில்லை. பாடநூல் அச்சிடும் சிறு பதிப்பகமும், விளம்பரம் போட்டுப் பிழைக்கும் உள்ளூர் செய்தித்தளமும், படத்தின் ஒரு மூலையை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும் ஆசிரியரும் அவற்றால் தயங்கி நிற்பார்கள். தடுக்க நினைத்த பெருவணிகர் அதைப் பொருட்படுத்தவும் மாட்டார். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்: கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை ஒருமுறை கொடுத்தால், ஏற்கெனவே பெற்றவர்களிடமிருந்து திரும்பப் பெற முடியாது. இதைப் பின்னால் தாமாக அறிந்துகொண்டால் உங்கள்மீதான நம்பிக்கை போய்விடும்.

‘எடுத்து விற்றுவிட்டால்?’ என்ற அச்சத்துக்கு நேராகவே பதில் சொல்லலாம். ஆம், விற்பார்கள், அஞ்சலட்டையாகவோ நாட்காட்டியாகவோ யாரேனும் அச்சிடுவார்கள். அதனால் அருங்காட்சியகம் இழப்பது என்ன என்று அவர்களுடைய கணக்கேட்டைக் கொண்டே பார்க்கச் சொல்லுங்கள். கடந்த சில ஆண்டுகளில் பட அனுமதிக் கட்டணமாக வந்த தொகை எவ்வளவு, அந்த விண்ணப்பங்களைப் பெற்று, கடிதம் எழுதி, ரசீது போட்டு, கோப்பு அனுப்பிய ஊழியரின் நேரத்துக்கு ஆன செலவு எவ்வளவு? அமெரிக்கக் கலை அருங்காட்சியகங்களின் படக்கட்டண முறைகளை ஆராய்ந்து சைமன் டானர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், எந்த அருங்காட்சியகமும் இதில் குறிப்பிடத்தக்க உபரி ஈட்டியதாகச் சொல்லவில்லை. கணக்கு வேறுவிதமாக இருந்தால் அதையும் மதிக்க வேண்டும்: வருமானம் தரும் அந்தச் சில படங்களை இப்போதைக்கு விட்டுவிட்டு மற்றவற்றைக் கேளுங்கள்.

அச்சத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்திலுள்ள ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியத்துக்கு, நிறம் திரிந்து மஞ்சளித்துப்போன பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நகல்கள் இணையத்தில் உலவின. அருங்காட்சியகக் கடையில் விற்ற அஞ்சலட்டையைப் பார்த்து, இதுவா அசல் நிறம் என்று பார்வையாளர்கள் நம்ப மறுத்தார்கள். நல்ல தரமான படத்தைத் தாங்களே வெளியிடுவதுதான் மஞ்சள் நகல்களுக்கு மாற்று என்று நிறுவனம் முடிவெடுத்தது. ஐரோப்பியப் பண்பாட்டுச் சேகரங்களை இணையத்தில் திரட்டித் தரும் யூரோப்பியானா 2011இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று இதை விரிவாகச் சொல்கிறது. உங்கள் அருங்காட்சியகத்தின் படங்களும் மங்கலாக, விவரம் தவறாக, பெயரே இல்லாமல் ஏற்கெனவே எங்கெல்லாம் சுற்றுகின்றன என்று தேடி, சிலவற்றை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். நான் பார்த்தவரை, காப்பாட்சியர் ஒருவரை இதைவிட விரைவாக அசைப்பது வேறெதுவுமில்லை. பணத்தைவிட, தம் பொறுப்பிலுள்ள பொருள் தவறாக அறியப்படுவதுதான் அவருக்கு வலிக்கும்.

பொதுமக்களின் கண் பட்டால் விவரங்கள் மேம்படவும் செய்யும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2008 ஜனவரியில் சுமார் 3,000 ஒளிப்படங்களை ஃபிளிக்கரில் ஏற்றியது. பார்த்தவர்கள் இடங்களையும் மனிதர்களையும் நிகழ்ச்சிகளையும் அடையாளம் கண்டு எழுதினார்கள். அவற்றைச் சரிபார்த்து, நூலகம் தன் அட்டவணையில் 500க்கும் மேற்பட்ட பதிவுகளைச் செறிவாக்கியது. ‘பெயர் தெரியாதவர்கள்’ என்று பதிவேட்டில் நிற்கும் குழுப்படங்கள் உள்ள எந்த நிறுவனத்துக்கும் இது சொல்லத்தக்க செய்தி.

கேட்கும்போது சிறிதாகக் கேளுங்கள். ‘உங்கள் தொகுப்பைத் திறந்துவிடுங்கள்’ என்ற கடிதம் மேலிடத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிடும். ‘ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுகளுக்கு மேலான, பதிவேட்டில் இன்ன எண் முதல் இன்ன எண் வரையுள்ள 120 அச்சோவியங்களின் ஸ்கேன்களை, சிசி0 குறிப்புடன், நீளப்பக்கம் 3,000 பிக்சல் அளவில் வெளியிட ஒப்புதல் கோருகிறோம், பதிவேற்றமும் விவரக்குறிப்பும் எங்கள் பொறுப்பு’ என்ற கடிதத்துக்கு, ஆம் அல்லது இல்லை என்று பதில் எழுத முடியும். மிகப்பெரிய கோப்புகளைத் தர அஞ்சினால் நடுத்தர அளவில் தொடங்கலாம். ஜெர்மானியக் கூட்டாட்சி ஆவணக்காப்பகம் 2008 டிசம்பரில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சிசி-பை-எஸ்ஏ உரிமத்தில் பொதுவகத்துக்குத் தந்தபோது குறைந்த தெளிவுள்ள படங்களையே தந்தது. அதுகூட எண்ணற்ற கட்டுரைகளுக்குப் பயன்பட்டது. கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள். காப்பாட்சியருக்கு விருப்பம் இருந்தும் கையொப்பமிடும் அதிகாரம் அறங்காவலர் குழுவிடமோ அரசுத் துறையிடமோ இருக்கலாம். ஸ்கேன் செய்துகொடுத்த நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் படங்களைப் பயன்படுத்தும் உரிமையை அந்நிறுவனத்துக்கு மட்டுமே தரும் பிரிவு ஏதும் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

படங்களைத் தர இப்போதைக்கு மறுத்தாலும் பேச்சை அங்கே முடித்துவிடாதீர்கள். தலைப்பு, ஆண்டு, அளவு, சேர்க்கை எண் முதலிய மீதரவை மட்டும் சிசி0இல் கேட்கலாம். யூரோப்பியானா 2012இல் சுமார் 2 கோடிப் பொருள்களின் மீதரவை அப்படித்தான் வெளியிட்டது. விக்கிமீடியாவின் திறந்த தரவுத்தளமான விக்கித்தரவில் மீதரவு சேர்ந்தாலே, அந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று ஆய்வாளருக்குத் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் திறக்க வேண்டும் என்று கேட்காதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். உரிமைக் காலம் முடிந்துவிட்டது என்பதாலேயே ஒன்றை வெளியிடுவது சரியாகிவிடாது. சடங்குக்குரிய பொருள்கள், இறந்தவர்களின் உடல்கள், சிறையிலோ மருத்துவமனையிலோ ஒப்புதலின்றி எடுக்கப்பட்ட படங்கள், ஒரு சமூகத்தை இழிவாகக் காட்டும் பதிவுகள் ஆகியவற்றில் அந்தந்தச் சமூகத்தாரின் சொல்லே முதன்மையானது. பழங்குடிகளின் தரவு குறித்து 2019இல் உலகப் பழங்குடித் தரவுக் கூட்டணி வெளியிட்ட ‘கேர்’ கொள்கைகளை நிறுவனத்தினரோடு சேர்ந்து படியுங்கள். இவற்றைப் பட்டியலிலிருந்து நீங்களாகவே முன்வந்து விலக்கினால், கண்மூடித்தனமாகக் கேட்பவர்கள் அல்லர் நீங்கள் என்பது அவர்களுக்குப் புரியும்.

ஒப்புதல் கிடைத்ததும், எந்தப் படங்கள், எந்த உரிமம், யார் அதிகாரம் அளிக்கிறார் என்ற மூன்றும் உள்ள மின்னஞ்சலை நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து விக்கிமீடியாவின் அனுமதிக் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வாய்மொழி ஒப்புதல் பின்னாளில் செல்லாது. கோப்பின் பெயரிலேயே சேர்க்கை எண் இருக்கட்டும். ஒவ்வொரு விவரப் பக்கத்திலும் நிறுவனத்தின் பெயரும் மூலப்பக்கத்தின் இணைப்பும் இருக்கட்டும். சிசி0 பெயரைக் குறிப்பிடுமாறு கட்டாயப்படுத்துவதில்லை என்றாலும், இப்படித் தந்துவிட்டால் பெரும்பாலோர் குறிப்பிடவே செய்வார்கள். பொதுவகத்திலுள்ள படங்கள் எந்தெந்தக் கட்டுரைகளில் பயன்படுகின்றன, அந்தக் கட்டுரைகள் எத்தனை முறை பார்க்கப்பட்டன என்று கணக்கிடும் கருவிகள் உள்ளன. மூன்று மாதத்துக்கொருமுறை அந்த எண்களையும், வாசகர்கள் சுட்டிய விவரத் திருத்தங்களையும் ஒரு பக்க அறிக்கையாகக் காப்பாட்சியரிடம் சேர்ப்பியுங்கள். ஆண்டறிக்கை எழுதும் காலத்தில் அவர் அதைத் தேடி எடுப்பார். இரண்டாவது தொகுப்புக்கான கடிதத்தை அப்போது கொடுங்கள்.