கதவைச் சாத்திவிட்டுக் கவிதையா?

கேள்வி: எனக்கு வயது 36. கவிதை படித்துப் பழக்கமே இல்லை. இனிமேலாவது தொடங்கலாம் என்று தடியான நவீன கவிதைத் தொகுப்பு ஒன்றை வாங்கினேன். பத்துப் பக்கம் தாண்டவில்லை, ஒன்றும் புரியவில்லை. வீட்டில் அமைதியும் கிடையாது. அப்பா தினமும் ராத்திரி சத்தம் போட்டு எதையோ படிப்பார். பானை, தேள் என்று ஏதோ வரும், அவரே சிரித்துக்கொள்வார். நான் கதவைச் சாத்திக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதும் கவிஞர்கள் யார்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பட்டியல் தருகிறேன். முதலில் அந்தத் தேளுக்கு வருவோம்.

அது பாரதியார். 'கண்ணன் பாட்டு'க்குள் வரும் 'கண்ணன் என் சேவகன்'. கண்ணன் வந்து சேருவதற்கு முன்னால் வேலைக்காரர்களிடம் பட்ட பாட்டைச் சொல்லிப் புலம்புகிற இடம். நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டால், பானையில் இருந்த தேள் பல்லால் கடித்துவிட்டது என்பார்களாம். தேளுக்குக் கொடுக்கில் அல்லவா விஷம்! பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அங்கேதான் உங்கள் அப்பா சிரிக்கிறார். அகராதி வேண்டாம், உரை வேண்டாம். புரிகிற கவிதை எங்கே என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். பக்கத்து அறையில் ஒருவர் அதை வாய்விட்டுப் படித்தால் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறீர்கள்.

உங்கள் மேல் தப்பில்லை, கவிதை என்றாலே கொஞ்சம் கஷ்டம்தான் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். மாட்டேன். பெற்றவர் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தால் 'என்னப்பா?' என்று எட்டிப் பார்ப்பது பிள்ளையின் வேலை. கவிதை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வேலைதான். இதை 36 வயதில் ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே!

சரி, பட்டியல். பாரதியை அப்பாவிடமே விடுகிறேன். 1912இல் 'பாஞ்சாலி சபத'த்துக்கு எழுதிய முன்னுரையிலேயே எளிய பதம், எளிய நடை, எளிதில் பிடிபடும் சந்தம் என்று தனக்குத் தானே விதி போட்டுக்கொண்டவர் அவர். சந்தத்தைக் கண்ணால் மேய்ந்து பயனில்லை, காது வேண்டும். அதற்குத்தான் ஆள் வீட்டிலேயே இருக்கிறாரே.

புதியவர்களில் கல்யாண்ஜி, சிறுகதை எழுதுகிற வண்ணதாசன்தான் இவர். அப்புறம் முகுந்த் நாகராஜன். குழந்தைகளைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் அவர் எழுதியதைப் படித்தால் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். கேலி பிடிக்குமென்றால் ஞானக்கூத்தன். பிரமிள் இப்போதைக்கு வேண்டாம். அந்தத் தடிப் புத்தகத்தையும் எடுத்து வையுங்கள். இத்தனை பேர் ஒரே நேரத்தில் பேசினால் யாருடைய குரல் பழகும்? ஒருவரை எடுத்தால் ஒரு மாதம் அவரோடேயே இருங்கள்.

சங்கப் பாட்டு என்றதும் பயப்பட வேண்டாம். குறுந்தொகைப் பாட்டுகள் பெரும்பாலும் எட்டு அடிக்குள் முடிந்துவிடும், உரையோடு தினம் ஒன்று போதும். புறநானூற்றில் 112ஆம் பாட்டு இன்னும் சின்னது, ஐந்தே அடி. பாரி மகளிர் பாடியது. அந்த மாதத்து வெண்ணிலவில் அப்பா இருந்தார், எங்கள் குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து வெண்ணிலவில் குன்றைப் பிடித்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. பாட்டு அவ்வளவுதான்.

இதை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு படியுங்கள். படித்துவிட்டு, திறந்துகொண்டு போய், அந்தத் தேள் பாட்டை இன்னொரு தரம் படிக்கச் சொல்லுங்கள்.